எந்தப் பக்கம் மேலே

மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரின் கதவை ரோஸ்லின் அன்று காலையில் நான்காவது தடவையாகத் திறந்தாள். திறந்து பார்ப்பதால் உள்ளே இருப்பது கூடிவிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். மேல் தட்டுகள் இரண்டும் காலி. கீழ்த்தட்டின் மூலையில் மஞ்சள் நாடா சுற்றிய ஒரே ஒரு பெட்டி. அதற்குள் பன்னிரண்டு குப்பிகள். மஞ்சள் நாடா என்றால் தொடக்கூடாது.

"அக்கா, இப்படித் திறந்து திறந்து மூடினா ஃப்ரீசருக்கே சளி பிடிச்சுக்கும்," என்றான் முரளி. ஆய்வு அறையில் அவளுக்கு அடுத்த இருக்கை அவனுடையது. "கைக்கு இவ்ளோ டென்ஷன்?" செகந்திராபாத் தமிழில் கைக்கு என்றால் எதற்கு.

ரோஸ்லின் கதவை மூடினாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். மூடிய கதவில் சிவப்பு எண்கள் மைனஸ் எழுபத்து நான்கிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. அவை எண்பதைத் தொடும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

கண் ஆஸ்பத்திரியின் திசு வங்கியில் அவளுக்கு இது பதினோராவது வருடம். சிசேரியன் ஆகும் தாய்மார்களிடம் சம்மதம் வாங்கி, நஞ்சுக்கொடியை ஐஸ் பெட்டியில் எடுத்து வருவாள். குழந்தை மிதந்து கிடந்த பனிக்குடத்தின் உட்சவ்வை விரல் நுனியால் உரித்தெடுப்பாள். வெங்காய இதழ்களுக்கு நடுவே இருக்குமே, ஒரு கண்ணாடித் தோல், அதைவிட மெல்லியது அது. வெள்ளைத் தாளின்மேல் அதைச் சுருக்கமில்லாமல் விரித்து, துண்டு போட்டு, குப்பியில் அடைத்து உறைய வைப்பாள். அமிலம் பட்ட கண், சுண்ணாம்பு தெறித்த கண், வெடி சிதறிய கண் எதுவானாலும், வெந்த இடத்தின்மேல் இந்தச் சவ்வை வைத்துத் தைத்தால் அதன் அடியில் புதுத்தோல் பயமில்லாமல் வளரும். வேலை முடிந்ததும் சவ்வு தானே கரைந்துபோகும்.

ஒரே ஒரு நிபந்தனை. கொடுத்த அன்று தாயின் ரத்தத்தைப் பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். புதிதாகத் தொற்றிய நோய் முதல் தடவையில் ஒளிந்துகொள்ளும். இரண்டாவது ரத்தமும் சுத்தம் என்று வந்தால்தான் மஞ்சள் நாடாவை வெட்டலாம்.

தீபாவளி முடிந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. நாடா வெட்டியிருந்த பெட்டிகள் எல்லாம் அந்த ஐந்து நாளில் பட்டாசுக் காயங்களுக்கே தீர்ந்துவிட்டன. சென்னைக்கும் பெங்களூருக்கும் போன் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் தீபாவளிதானே.

மேஜைத் தொலைபேசி ஒலித்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு புது ஜூனியர் டாக்டர். கடைசித் துண்டை நேற்று வாங்கிப் போனவர்.

"மேடம், இது... எந்தப் பக்கம் மேலே வரணும்?"

வாரத்துக்குப் பத்துத் தடவை இந்தக் கேள்வி வரும். சவ்வுக்கு இரண்டு பக்கம் உண்டு. குழந்தையைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் வழுவழுப்பு. தாயைப் பார்த்திருந்த பக்கம் பசைபோல் ஒட்டும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

"தாள்ல எப்படி இருக்கோ அப்படியே எடுத்து வைங்க சார். தாள் பக்கம் கீழே. குழந்தை பக்கம் மேலே."

போனை வைத்தபோது டாக்டர் சரத் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெலுங்குக்காரர், சென்னையில் படித்தவர். தமிழ் பேச ஆள் கிடைத்தால் அவருக்குக் குஷி. இன்று முகத்தில் குஷி இல்லை.

"அந்த மஞ்சப் பெட்டி எப்ப வெட்டுவீங்க ரோஸ்லின்?"

"ஆறு மாசம் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு சார். ரத்தம்தான் பாக்கி."

"என்கூட வாங்க."

அவள் வார்டு பக்கம் போவதே இல்லை. நோயாளிகளின் முகம் அவளுக்கு வேண்டியதில்லை, எண் போதும். அன்று போனாள். ஜன்னலோரக் கட்டிலில் ஸ்ரீலேகா என்ற இருபத்தாறு வயதுப் பெண். சமையலறைக் குழாய் அடைப்பை எடுக்கும் பொடியைக் கொட்டி, அதன்மேல் வெந்நீரை ஊற்றியிருக்கிறாள். கொதித்து முகத்துக்குத் தெறித்துவிட்டது. டாக்டர் இடது கண்ணின் கட்டைப் பிரித்துக் காட்டினார். இமையின் உட்புறமும் விழியும் வெந்து கிடந்தன. நடுவில் பசைநூல் மாதிரி இரண்டு மூன்று இழைகள்.

"ரெண்டு பச்சைப் புண்ணு எதிரெதிரே இருந்தா ஒட்டிக்கத்தானே பாக்கும்? தினம் கண்ணாடிக் குச்சியால பிரிச்சு விடறேன். மறுநாள் பார்த்தா திரும்ப ஒட்டியிருக்கு. நாளன்னிக்கு வியாழக்கிழமை, அதுக்குள்ள நடுவுல சவ்வை வெக்கலைன்னா இமை நிரந்தரமா ஒட்டிடும்."

ஸ்ரீலேகா நல்ல கண்ணால் ரோஸ்லினைப் பார்த்தாள். "இவங்களா தர்றவங்க?" என்று தெலுங்கில் கேட்டாள்.

ரோஸ்லின் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

அறைக்குத் திரும்பியதும் அந்தப் பெட்டிக்கான கோப்பைப் புரட்டினாள். கொடுத்தவர் பெயர் பானு. முகம் உடனே நினைவுக்கு வந்தது. செகந்திராபாதில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பானுவின் அம்மா வீடும் ரோஸ்லின் வளர்ந்த அதே ரயில்வே குவார்ட்டர்ஸ். சம்மதம் கேட்கப் போனவள், எந்த பிளாக், எந்தத் தண்ணீர்த்தொட்டிக்கு எதிரே என்று அரைமணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தாள். தலைப்பிரசவம். ஆண் குழந்தை.

ரோஸ்லினுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ரத்தம் என்று ஆரம்பித்தால் பெண்கள் மிரண்டுபோவார்கள். அதனால் முதல் கேள்வி எப்போதும் குழந்தையைப் பற்றித்தான் இருக்கும். சிரித்துக்கொண்டு கேட்பாள். அந்தப் பக்கம் பேச்சு பெருகும். பெருகும்போது மெல்ல ரத்தத்துக்கு வருவாள். பதினோரு வருடமாக அது பொய்த்ததில்லை.

"பானு! நான்தான் ரோஸ்லின் அக்கா, கண் ஆஸ்பத்திரி. எங்க நம்ம குட்டிப்பையன்? உக்கார ஆரம்பிச்சுட்டானா? பல்லு எட்டிப் பாக்குதா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின்னால் எங்கோ ஒரு மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஜூலை மாசம் செத்துப்போயிட்டான்க்கா," என்றாள் பானு. "நிமோனியா. மூணு நாள்."

பானுதான் போனை வைத்தாள்.

முரளி எழுந்து வந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரீசருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்தாள். 'பல்லு எட்டிப் பாக்குதா' என்ற தன் குரல், அதன் சிரிப்போடு, திரும்பத் திரும்பக் கேட்டது.

செய்தி டாக்டருக்குப் போனது. அவரே அறைக்கு வந்தார்.

"முதல் டெஸ்ட் சுத்தம்தானே? நான் கையெழுத்துப் போடறேன். அந்த அம்மாவைத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

"நக்கோ, வேணாம் சார்," என்றாள் ரோஸ்லின். வீட்டுப் பேச்சு ஆஸ்பத்திரியில் அவள் வாயில் வருவதே அபூர்வம். "அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு பெட்டி இருந்துச்சு. அதுவும் முதல் டெஸ்ட்ல சுத்தம்தான். ரெண்டாவதுல எச்.ஐ.வி. பதினஞ்சு துண்டு. எரிச்சோம். நாளைக்கு ஒருநாள் டைம் குடுங்க."

"டைம் நான் குடுக்கிறதில்ல ரோஸ்லின். அந்தக் கண்ணு குடுக்கணும்," என்றார் அவர்.

மறுநாள் காலை பானுவின் வீட்டுக்குப் போகும் ஏ.எஸ்.ராவ் நகர் பஸ்ஸில் அவளால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்பையில் ஊசியும் இரண்டு ரத்தக் குழாய்களும் இருந்தன. என்ன சொல்லி ஆரம்பிப்பது? மன்னிச்சிடு என்றா? எனக்குத் தெரியாது என்றா? ஒவ்வொரு வாக்கியமும் நாக்குக்கு வருமுன்னே கெட்டுப்போயிற்று. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. அடுத்ததில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தாள். தெருவைக் கண்டுபிடித்த பிறகும் அந்த வீட்டு வாசலை இரண்டு தடவை கடந்து போனாள்.

மூன்றாவது தடவை உள்ளிருந்தே குரல் வந்தது. "யாரைத் தேடுறீக? மேலயும் கீழயும் நடக்குறீக?"

பானுவின் மாமியார் கனகம். முன்னறையில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மதுரையிலிருந்து வந்து முப்பத்தைந்து வருடமாகியும் பேச்சு அங்கேயேதான் இருந்தது. ரோஸ்லின் யாரென்று சொன்னாள். கீரைக் காம்பு நடுவில் நின்றது.

"நீதானா அது? கொடிய வாங்கிட்டுப் போனவ?"

"ஆமாம்மா."

"உக்காரு."

ரோஸ்லின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"தலப்பிரசவம், அவ அம்மா வீட்டுல நடந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவளும் கேக்கல, நீயும் கேக்கல. நாலு மாசம் கழிச்சு, எல்லாம் முடிஞ்ச பெறகு, ஒருநா அழுதுக்கிட்டே சொல்றா." கனகத்தின் குரல் உயரவே இல்லை. "எம் மகன் யோகேஷ் இங்கதான் பொறந்தான். அவன் கொடிய நானே வாங்கியாந்து, அந்தா அந்த வேப்பமரத்தடியில முழங்காலு ஆழம் தோண்டிப் பொதைச்சேன். பூமிக்குள்ள கதகதன்னு இருக்கும். இவனோடத நீ எங்க வச்ச? ஐஸுல. புள்ளைக்கு என்ன வந்துச்சு? நெஞ்சுச் சளி."

ஃப்ரீசருக்கே சளி பிடிச்சுக்கும். முரளி நேற்றுச் சொன்னது. சிரிப்புக்குச் சொன்னது.

அப்படியில்லம்மா, நிமோனியா கிருமியால வர்றது என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாளுக்கும் அது தெரிந்திருக்கும். கீரை இலைகள் முறத்தில் விழுந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கியது.

"விடுங்க அத்தை."

பானு உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. ஆறு மாதத்துக்கு முன் பார்த்த முகத்தில் கன்னம் மட்டும் இல்லை.

"இன்னும் இருக்காக்கா அது?"

"இருக்கு. பன்னிரண்டு துண்டு."

"நான் ஒண்ணு கேக்கணும். அது யாரோடது? என்னுதா, அவனுதா?"

சம்மதப் படிவத்தில் தாயின் நன்கொடை என்றுதான் போட்டிருக்கும். உன்னுதுதான் என்று சொன்னால் போதும். விஷயம் சுலபமாக முடியும். ரத்தம் கிடைக்கும். அடுத்த பஸ்ஸையே பிடிக்கலாம்.

"உன் வயித்துக்குள்ள இருந்துச்சு," என்றாள். "ஆனா அவனுது. அவன் எதிலிருந்து வந்தானோ அதிலிருந்தேதான் அதுவும் வந்துச்சு. அவன் தனக்குன்னு கட்டிக்கிட்ட வீடு மாதிரி."

பானு கதவு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கனகத்தின் கை முறத்தின்மேல் விரிந்தபடி கிடந்தது.

"நான் ரத்தம் குடுக்கலைன்னா?"

"பெட்டியை வெளியே எடுத்துடுவோம். மஞ்சப் பையில போட்டு எரிக்க அனுப்புவாங்க."

"எரிக்கிறதா?" கனகம் நிமிர்ந்தாள். "பச்சப்புள்ளைய யாராச்சும் எரிப்பாகளா? பொதைக்கத்தானே செய்வாக! அவனையே பொதைச்சுத்தானே வந்தோம். எரிக்கிறதாம்ல! திருப்பிக் குடுத்துரு. எல்லாத்தையும் திருப்பிக் குடு."

"எல்லாத்தையுமா அத்தை?" என்றாள் பானு.

கனகம் அவளைப் பார்த்தாள்.

பானு ரோஸ்லின் பக்கம் திரும்பினாள். "யாருக்கு வேணும்?"

"பேர் சொல்லக்கூடாது. ஒரு பொண்ணு. உன் வயசுதான் இருக்கும். இமை கண்ணோட ஒட்டிக்கிட்டிருக்கு. தினம் பிரிச்சு விடறாங்க, தினம் ஒட்டுது."

ரோஸ்லின் பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். பிறகு அந்தச் சத்தம் தனக்கே கேட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நானே வரேன்," என்றாள் பானு. "எனக்கு அதைப் பார்க்கணும். பார்த்துட்டு சொல்றேன்."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே ரோஸ்லின் திசு வங்கி வாசலில் நின்றாள். தியேட்டர் பட்டியலில் கடைசியாக இருந்த ஸ்ரீலேகாவின் பெயருக்கு எதிரே பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். ஒன்பது ஆயிற்று. டாக்டர் சரத் ஒருமுறை போன் செய்தார். பத்து ஆயிற்று. இன்னொரு முறை செய்து, எதுவும் கேட்காமல் வைத்துவிட்டார். ரோஸ்லின் கை கழுவினாள். ஈரம் காயுமுன் மறுபடி கழுவினாள்.

"வர மாட்டாங்க அக்கா," என்றான் முரளி மெதுவாக.

பத்தரைக்கு ஆட்டோ வந்தது. பானு இறங்கினாள். அவள் பின்னால், ஆட்டோக்காரரிடம் தெலுங்கில் ஏதோ அதட்டிக்கொண்டே, கனகமும் இறங்கினாள்.

ரோஸ்லின் மஞ்சள் நாடாவை வெட்டாமல் ஒருபக்கம் நெகிழ்த்தி, பெட்டியைத் திறந்து பன்னிரண்டாம் எண் குப்பியை எடுத்தாள்.

"அக்கா, வெளியே எடுத்தா உருகிடும். திரும்ப வைக்க முடியாது. ஒரு துண்டு போச்சு," என்று முரளி காதோரமாகச் சொன்னான்.

"ஹவ், ஆமா, தெரியும்."

உறைபனி பூத்திருந்த குப்பியை அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மெல்ல வெண்மை கலைந்து இளஞ்சிவப்புப் பாதுகாப்புத் திரவம் தெரிந்தது. நடுவில் தபால்தலை அளவில் ஒரு வெள்ளைத் தாள்.

பானு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தாள்தான் தெரியுது."

"அதுமேலதான் இருக்கு. தெரியாது பானு. தெரிஞ்சா கண்ணுல வெக்க முடியாது."

கனகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குப்பியை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தாள். ஒரு கோணத்தில் தாளின் விளிம்பில் ஏதோ மினுங்கியிருக்க வேண்டும். அவள் கை அசையாமல் நின்றது.

"சில்லுன்னு கெடக்கே," என்றாள். குப்பியை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையைச் சுற்றி, தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினாள்.

பானு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை மேஜைமேல் நீட்டினாள். "எடுங்கக்கா."

ரோஸ்லின் முழங்கை மடிப்பில் ஊசியை ஏற்றினாள். இரண்டு குழாய் நிறைந்ததும் முரளி அவற்றை வாங்கிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினான். திரும்பி வந்தபோது கனகம் எழுந்து நின்றிருந்தாள். குப்பி இன்னும் முந்தானைக்குள்தான் இருந்தது.

"அம்மா, அதைக் குடுங்க. வெளியே போகக்கூடாது."

அவன் சொன்னது காதில் விழுந்ததாகவே கனகம் காட்டிக்கொள்ளவில்லை.

ரோஸ்லின் கோப்பைப் புரட்டிச் சம்மதப் படிவத்தை எடுத்தாள். தானே நூற்றுக்கணக்கான பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கும் படிவம். ஏழாவது வரியில் விரலை வைத்தாள். பயன்படுத்துவதற்கு முன் எந்த நேரத்திலும் என் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

"அது முழுசுக்கும்தான் அக்கா. ஒரு துண்டுக்கு இல்ல."

"அப்படின்னு எங்க போட்டிருக்கு?"

முரளி படித்தான். மறுபடி படித்தான். "சரத் சார் கேட்டா?"

"நான் பேசிக்கிறேன்."

பானு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டில் பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே எழுதுவதற்குத் தோதான கட்டம் எதுவும் இல்லை. 'பொருத்தப்பட்டது', 'அழிக்கப்பட்டது' என்ற இரண்டுதான் இருந்தன. ரோஸ்லின் இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட்டது.'

"ரிசல்ட் வர்ற வரைக்கும் திறக்காதீங்கம்மா. நான் போன் பண்றேன்," என்றாள் கனகத்திடம். கனகம் தலையசைத்தாள். அவர்கள் போகும்போது பானு ஃப்ரீசரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதன் சிவப்பு எண்களைப் படிப்பதுபோல் நின்றாள். போனாள்.

இரண்டேகால் மணிக்கு முடிவு வந்தது. ரோஸ்லின் டாக்டருக்குச் சொல்வதற்கு முன்னால் பானுவுக்குச் சொன்னாள்.

"சுத்தம் பானு."

"ம்."

பானு போனை வைக்கவில்லை. ரோஸ்லினும் வைக்கவில்லை. மின்விசிறியின் கடகட சத்தம் மட்டும் இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

ரோஸ்லின் கத்தரிக்கோலால் மஞ்சள் நாடாவை வெட்டினாள். ஒன்றாம் எண் குப்பி தியேட்டருக்குப் போயிற்று. பென்சில் கேள்விக்குறியை யாரோ அழித்திருந்தார்கள். அழித்த தடம் தெரிந்தது. இனி அவள் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் உட்காரப் பிடிக்காமல் மேஜையைத் துடைத்தாள், அலமாரியை அடுக்கினாள், காலியான மேல் தட்டுகளைக் கணக்கெடுத்தாள். அடுத்த வாரம் அழைக்க வேண்டிய தாய்மார்களின் பட்டியலை எடுத்து முதல் எண்ணைப் பார்த்தாள். என்ன கேட்டு ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பக் கவிழ்த்து வைத்தாள்.

நாலரை மணிக்குக் கைப்பேசி ஒலித்தது.

"நான் கனகம் பேசுறேன்." மூச்சு வாங்கியது. மண்ணில் கம்பி மோதும் சத்தம் பின்னால் கேட்டது. யாரோ தோண்டிக்கொண்டிருந்தார்கள். "குழி எடுத்தாச்சு. கொடின்னா எனக்குத் தெரியும். இது தாளாட்டம் இருக்கு, ஒண்ணும் புரியல. எந்தப் பக்கம் மேல வரணும்?"

ரோஸ்லின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"தாள்ல எப்படி இருக்கோ அப்படியே வைங்கம்மா," என்றாள். "தாள் பக்கம் கீழே. அவன் பக்கம் மேலே."